காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் பழைய லென்ஸ்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

பள்ளத்தூர் முகப்பு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்கறது சோனி ஏ6400. முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகள்லயும், கடையைக் கட்டுற ஸ்டுடியோக்கள்லயும் பழைய லென்ஸ் சல்லிசா கிடைக்குது. விலை கம்மிங்கறதாலயே கை நிக்க மாட்டேங்குது. இப்ப பெட்டியில பதினொண்ணு இருக்கு, அதுல ஏழு 50 மி.மீ. பக்கமா வர்றதுதான்: யாஷிகா ரெண்டு, பென்டாக்ஸ் டகுமார் ரெண்டு, நிக்கான் ஒண்ணு, ஜெனித் கேமராவோட வந்த ஹீலியோஸ் ரெண்டு.

மூணுல பூஞ்சை. ஒரு ஹீலியோஸ்ல எஃப் வளையத்தை (வெளிச்சம் நுழையற துவாரத்தைச் சின்னதாக்கற வளையம்) எவ்வளவு திருப்பினாலும் உள்ள இருக்கற பிளேடு மூடவே இல்ல. ஒரு டகுமார்ல கண்ணாடியே டீத்தண்ணி மாதிரி மஞ்சளா இருக்கு.

கடையில நின்னபடியே நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிக்கறது? பூஞ்சையை வீட்டுலயே எடுக்கலாமா? ஐப்பசி கார்த்திகை மழையில இதையெல்லாம் எப்படி வைக்கறது? ஒரே அளவுல ஏழை வச்சுக்கிட்டு எதை வச்சுக்கறது, எதைத் தள்ளறது? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

---

ரஸ்தா டார்ச்

தம்பி, கடைக்குப் போறப்ப மூணு சாமான் போதும்: போன்ல இருக்கற டார்ச், காத்து ஊதுற ரப்பர் பல்பு, ஒரு மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. முதல் வேலை, கடைக்காரர் வேட்டி நுனியால கண்ணாடியைத் துடைச்சுக் காட்ட வர்றதுக்கு முன்னாடி லென்ஸைக் கையில வாங்கிக்கறது. தூசியோட அழுத்தித் துடைச்சா அங்கேயே கீறல் விழுந்துடும். நாமளும் ஊதின பிறகுதான் துடைக்கணும்.

அப்புறம் எஃப் வளையத்தை முழுசாத் திறந்துட்டு, பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாருங்க. வெளிச்சம் நேரா கண்ணுக்கு வரக்கூடாது, கொஞ்சம் சாய்ஞ்சு வரணும். நேரா அடிச்சா எல்லா லென்ஸும் நல்லாத்தான் தெரியும். சாய்ச்சு அடிச்சாத்தான் குறை வெளியில வரும். பிறகு திருப்பி, முன்னால டார்ச், பின்னால கண்ணு. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாப் போனா பூஞ்சை. பால் தெளிச்ச மாதிரி சீரா மங்கலா இருந்தா கிரீஸ் ஆவி படிஞ்ச மூட்டம், அது பெரும்பாலும் துடைச்சா போயிடும். ஓரத்துல இருந்து வானவில் நிறமோ வெள்ளித் திட்டோ உள்ளே ஏறி வந்தா ரெண்டு கண்ணாடியை ஒட்டின பசை விட்டிருக்கு. அதை வீட்டுல சரி பண்ண முடியாது, கீழே வச்சுட்டு வந்துடுங்க. ரெண்டு மூணு தூசியைப் பார்த்துப் பயப்படாதீங்க, படத்துல ஒண்ணும் தெரியாது. முன் கண்ணாடியில ஒரு மெல்லிய கீறலும் அப்படித்தான். அதே கீறல் பின் கண்ணாடியில இருந்தா விட்டுடுங்க, அங்கேதான் கெடுதல் அதிகம்.

அடுத்தது பிளேடு. பின்னாடி இருக்கற பின்னையோ (ஊசி மாதிரி சின்னக் குச்சி) நெம்புகோலையோ விரலால தட்டி விட்டா "டக்"குனு அடிச்சுத் திரும்பணும். சோம்பலா நகர்ந்தாலும் பிளேடு மேல எண்ணெய் மினுமினுப்பு தெரிஞ்சாலும் பிரிச்சுக் கழுவுற வேலை இருக்குன்னு அர்த்தம். அப்படின்னா விலையில பாதியாவது குறைக்கணும். ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்க. கனமா சுத்தினா கிரீஸ் காஞ்சிருக்கு, அது பெரிய குறையில்ல. நடுவுல ஒரே இடத்துல முட்டினாலோ மணல் அரைபடுற மாதிரி இருந்தாலோ கீழே விழுந்த லென்ஸ்.

நம்ம ஊர்ல மட்டும் ரெண்டு எச்சரிக்கை. அலங்காரச் சாமானா விக்கறதுக்காக உலோகத்தைப் பாலிஷ் போட்டு மினுக்கியிருப்பாங்க. அந்தப் பாலிஷ் பொடி வளையத்து இடுக்கு வழியா திருகு மரைக்குள்ள போய் அரைக்கும். மினுக்காத அழுக்கு லென்ஸே மேல். இன்னொண்ணு, தங்க முலாம் பூசி "லைக்கா"ன்னு எழுதியிருக்கற கேமராக்கள். பெரும்பாலும் அது சோவியத் ஃபெட் இல்லன்னா ஜோர்க்கி உடம்புதான், லென்ஸும் இண்டஸ்டார்தான். இண்டஸ்டார் நல்ல லென்ஸ், ஆனா அதுக்கு இண்டஸ்டார் விலைதான் கொடுக்கணும்.

---

மி.மீ. கணக்கு

மூடாத ஹீலியோஸ் பற்றி முதலில். அது கெட்டுப்போன லென்ஸாக இருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்தில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 44-2 என்றால் எட்டு பிளேடுள்ள கைமுறை லென்ஸ். இரண்டு வளையம் இருக்கும், முன்வளையத்தில் எஃப் எண்ணை வைத்துவிட்டு அடுத்த வளையத்தைத் திருப்பினால்தான் மூடும். 44எம் என்றால் பக்கத்தில் தானியங்கி, கைமுறை மாற்றும் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. அதைக் கைமுறைக்குத் தள்ளுங்கள். 44எம்-4 அல்லது அதற்கு மேல் எண் இருந்தால் ஸ்விட்சே கிடையாது. பின்னால் நீட்டியிருக்கும் பின்னை யாராவது அழுத்திப் பிடித்தால்தான் பிளேடு மூடும். உங்கள் அடாப்டர் (லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் வளையம்) உட்புறம் விளிம்பு இல்லாத வெறும் வளையமாக இருக்கும். உள்விளிம்பு வைத்து பின்னை அழுத்தும் எம்42 (இந்த லென்ஸின் திருகு வகை இணைப்பு) அடாப்டர் வாங்கினால் சரியாகிவிடும். லென்ஸைப் பிரிக்க வேண்டாம்.

இனி மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு. உங்கள் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. லென்ஸ் பொருந்தும் முகத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் ஒவ்வொரு வகைக்கும் வேறு. எம்42, பென்டாக்ஸ் கே இரண்டுக்கும் 45.46 மி.மீ., யாஷிகாவின் சி/ஒய் 45.5, நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, மினோல்டா 43.5, கேனான் எஃப்டி 42. சோனி இ மவுண்டுக்கு 18 மட்டுமே. மீதித் தூரத்தை அடாப்டர் நிரப்புகிறது: எம்42 லென்ஸுக்கு 27.46 மி.மீ., நிக்கானுக்கு 28.5. உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. கண்ணாடி வைத்த அடாப்டரைச் சோனிக்கு விற்க வந்தால் வாங்காதீர்கள். அது நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரர்களின் தேவை. அந்த உடம்பின் 46.5 மி.மீ. ஆழத்தில் எம்42 லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்பதால் தொலைவு ஃபோகஸ் ஆகாது.

விலை குறைந்த அடாப்டர்கள் பெரும்பாலும் ஒரு மயிரிழை குட்டையாகவே கடையப்படுகின்றன. எனவே லென்ஸில் முடிவிலிக் குறியில் நிறுத்தினால் கோபுரம் மங்கலாகவும், குறிக்குச் சற்று முன்பே கூர்மையாகவும் இருக்கும். இது லென்ஸின் பிழையல்ல. அளவுகோலை நம்பாமல் திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள்.

ஏ6400 மெனுவில் "ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்" என்பதை இயக்கினால்தான் ஷட்டர் விழும். அந்த உடம்பில் நடுக்கத் தடுப்பு இல்லை, பழைய லென்ஸிலும் இல்லை. ஆகவே 50 மி.மீ.க்கு 1/100 நொடியைவிட மெதுவான ஷட்டரில் கையில் பிடித்து எடுக்காதீர்கள்.

---

சுண்ணாம்புச் சுவர்

மஞ்சள் டகுமாரையும் பூஞ்சை லென்ஸையும் வெயிலில் காய வைத்தால் ரெண்டும் போயிடும். சுவர் அலமாரியில் ரெண்டு அந்துருண்டை போட்டு வச்சா மறுபடி வராது. எளிய வழி இது.

---

இடுக்கி

மேலே சுண்ணாம்புச் சுவர் சொன்னதில் பாதி சரி, பாதி லென்ஸைக் கெடுக்கும். பிரித்துச் சொல்கிறேன்.

மஞ்சளுக்கு வெயில் சரியான மருந்து. சூப்பர்-டகுமார் 50 எஃப் 1.4-இன் ஏழு கண்ணாடி வகையிலும், பிற்கால 55 எஃப் 1.8 வகைகளிலும் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிரியக்கமே பல ஆண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது, புற ஊதா ஒளி அதை நீக்குகிறது. ஆனால் நம் ஊர் நண்பகல் வெயிலில் வைத்தால் உலோகம் சுட்டு, கிரீஸ் இளகி பிளேடுக்கு ஓடிவிடும். பின்பக்கம் அலுமினியத் தாளைப் பளபளப்பு உள்நோக்கி இருக்கும்படி மூடி, உடம்பையும் தாளால் சுற்றி, முன்கண்ணாடி மட்டும் தெரியும்படி காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வையுங்கள். பின்பக்கத்தைத் திறந்து வைக்கவே கூடாது. வெயில் குவிந்து துணியோ தாளோ பற்றிக்கொள்ளும். சில நாளிலிருந்து சில வாரம் வரை பிடிக்கும். புற ஊதா எல்இடி விளக்கு இருந்தால் அது இன்னும் பாதுகாப்பு, சூடு ஏறாது. இந்த லென்ஸில் படமெடுக்கப் பயம் வேண்டாம். கழற்றிய கண்ணாடியைப் பூதக்கண்ணாடியாகக் கண்ணருகே வைத்துக்கொள்ளாதீர்கள், உடைந்தால் தூளைச் சுவாசிக்காதீர்கள். அவ்வளவு எச்சரிக்கை போதும்.

பூஞ்சைக்கு வெயில் மருந்தல்ல. வெயில் வளர்ச்சியை நிறுத்தலாம், இழைகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை (கண்ணாடி மேல் பூசிய மெல்லிய படலம்) அரித்துவிட்டால் அந்தத் தடம் எதாலும் போகாது. எடுக்க வேண்டுமென்றால் பிரிக்கத்தான் வேண்டும்.

தேவையானவை: இரட்டை முனையுள்ள லென்ஸ் ஸ்பேனர், முன் பெயர் வளையத்தைத் திருக வெவ்வேறு அளவு ரப்பர் மூடி, ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை ஸ்க்ரூடிரைவர். ஜப்பானிய லென்ஸில் சாதா பிலிப்ஸ் முனையைப் போட்டால் திருகுத் தலை வழுக்கி உருண்டுவிடும். அசையாத திருகுக்கு ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு அசிட்டோன், ஐந்து நிமிடம் காத்திருங்கள். பெயின்ட் எழுத்தின் மேல் பட்டால் எழுத்து போய்விடும்.

50 மி.மீ. லென்ஸ்களில் பெரும்பாலும் பூஞ்சை பிளேடுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு முகங்களில்தான் பிடிக்கும். ஆகவே முன்தொகுதி, பின்தொகுதி இரண்டையும் தனித்தனியே கழற்றினால் போதும். ஹெலிகாய்டை (ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் திருகு மரை) தொடாதீர்கள். ஒவ்வொரு கண்ணாடியையும் எடுத்ததும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ எடுங்கள். தலைகீழாகப் போட்ட ஒரே ஒரு கண்ணாடி லென்ஸையே மங்கலாக்கிவிடும்.

மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், பாட்டிலில் 20 வால்யூம் என்று இருக்கும். அதில் ஐந்து மில்லிக்கு ஐந்து மில்லி காய்ச்சி வடித்த நீர் கலந்தால் 3 சதவீதம். பஞ்சில் நனைத்துப் பூஞ்சை மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடைத்து, வடித்த நீரால் ஒருமுறை, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை. கண்ணாடியின் விளிம்பில் இருக்கும் கறுப்பு மை ஆல்கஹாலில் கரையும், ஓரத்தைத் தொடாதீர்கள். பசையால் ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைத் திரவத்தில் ஊறப் போடவே கூடாது. துடைத்தபின் மெல்ல ஊதிப் பாருங்கள்: ஆவி படியும்போது பழைய கிளைத் தடம் தெரிந்தால் கோட்டிங் போயிருக்கிறது. வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்தால் அது படத்தைக் கெடுக்காது. முற்றத்து வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் கறுப்பு சாம்பலாகும்.

எண்ணெய் பிளேடுக்கு லைட்டர் திரவம். பின்தொகுதியைக் கழற்றிவிட்டு இரண்டு சொட்டு விட்டு, பிளேடைப் பத்து முறை திறந்து மூடி, காதுப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். காய்ந்த பிளேடுக்கு மறுபடி எண்ணெய் போடவே கூடாது, பிளேடு உலர்ந்தே ஓட வேண்டிய பொருள்.

ஃபோகஸ் இறுகியதென்று ஹெலிகாய்டைப் பிரிக்கத் துணிந்தால், மரை விட்டு விலகும் அந்தக் கணத்தில் இரு பாகத்திலும் நேர்க்கோடு ஒன்று கீறுங்கள். அதில் மரை ஒன்றல்ல, பல தொடக்கம் உண்டு. தவறான தொடக்கத்தில் ஏற்றினால் சுற்றும், ஆனால் தொலைவு ஒருபோதும் ஃபோகஸ் ஆகாது. தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் ஆறே மாதத்தில் பிளேடுக்கு வழியும். ஹெலிகாய்டு கிரீஸ் என்றே விற்பது மட்டும்.

---

ஈரப்பதம்

அந்துருண்டை பத்தி நான் சொல்றேன். அது பூச்சிக்குத்தான், ஈரத்தை ஒண்ணும் செய்யாது. அதோட ஆவி திரும்பக் கண்ணாடியிலேயே படியும். துணி பீரோவோட அது நிக்கட்டும்.

பூஞ்சை வித்து காத்துல எப்பவும் இருக்கு, அதைத் தடுக்க முடியாது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்குல நின்னாத்தான் முளைக்கும். நம்ம பக்கம் சித்திரை வைகாசியில பயமில்ல. வடகிழக்குப் பருவமழையில, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், முற்றத்தை ஒட்டின கீழ் அறைகள்ல தடிச்ச சுவரும் மூடின கதவும் சேர்ந்து ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். சுவருக்குள்ள பதிச்ச அலமாரி லென்ஸுக்கு ஆகவே ஆகாது.

ரப்பர் விளிம்பு வச்ச, காத்துப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி, 200 கிராம் சிலிக்கா ஜெல். 40க்கும் 50க்கும் நடுவுல நின்னா போதும். 30க்குக் கீழ இறக்க வேண்டாம். கணக்குப் பார்த்தா 30 டிகிரியில 80 சதவீத ஈரக்காத்து அந்த டப்பா முழுக்க இருந்தாலும் தண்ணி அரை கிராம்தான். அப்புறம் ஏன் ஜெல் சீக்கிரம் நிறம் மாறுது? தோல் உறை, பஞ்சு, வெல்வெட் துணி, அட்டைப்பெட்டி, இதெல்லாம் ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கும். அதனால பழைய தோல் உறையை டப்பாவுக்குள்ள விடாதீங்க. அழகா இருந்தா தனியா ஷோகேஸ்ல வைங்க. பூஞ்சை குடியிருக்கற வீடே அதுதான்.

ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானா ஈரம் குடிச்சுடுச்சு. அகல இரும்புச் சட்டியில மெல்லிசாப் பரப்பி 120 டிகிரிக்குள்ள ரெண்டு மணி நேரம் சூடேத்தினா ஆரஞ்சுக்குத் திரும்பும். தீ கூடினா நிறம் கருகிடும். நீல நிற ஜெல்லுல கோபால்ட் உப்பு இருக்கு, சமையல் பாத்திரத்துல வறுக்கக் கூடாது. அரிசி போட்டு வைக்கறது வேண்டாம், தவிட்டுத் தூசிதான் மிஞ்சும்.

---

மி.மீ. கணக்கு

எதை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏழு 50-ஐயும் ஒரே நாளில், ஒரே முக்காலியில் சோதியுங்கள். மூன்று படம் போதும். இரண்டு மீட்டரில் செதுக்கு வேலையுள்ள நிலைக்கதவு, முழுசாகத் திறந்த எஃப் எண்ணிலும் 5.6-லும். தொலைவில் கோவில் கோபுரம், அதே இரண்டு எண்ணில். மூன்றாவது, இருட்டுப் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) நின்று வெயிலடிக்கும் முற்றத்தைப் பார்த்து ஒன்று. 5.6-இல் ஏழும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். பெரிய வேறுபாடு மூன்றாவது படத்தில் தெரியும்: யாஷிகாவில் பல அடுக்குக் கோட்டிங் உள்ள எம்எல், ஒற்றை அடுக்கு டிஎஸ்பியைவிட எதிர்வெளிச்சத்தைத் தாங்கும். ஹீலியோஸ் பின்னணியைச் சுழற்றிக் காட்டும், அதற்காகவே அது ஒன்று இருக்கலாம். இலைகள் நிறைந்த பின்னணியில், முழுசாகத் திறந்து, ஆள் ஒன்றரை மீட்டரில் நின்றால்தான் அந்தச் சுழல் வரும். உங்கள் சிறிய சென்சாரில் ஓரம் வெட்டுப்படுவதால் அது பாதிதான் தெரியும்.

என் தீர்ப்பு: எதிர்வெளிச்சத்தில் வென்ற ஒன்று, ஒரு ஹீலியோஸ். மற்ற ஐந்தையும் விற்றுவிடுங்கள். உங்கள் கேமராவில் சென்சார் சிறியதால் 50 மி.மீ. 75 போலவும் 58 மி.மீ. 87 போலவும் நடந்துகொள்ளும். எல்லாமே ஆள் படத்துக்கான லென்ஸ்கள். வளவையும் முகப்பையும் எடுக்கப் பழைய லென்ஸைத் தேடாதீர்கள். 28 கூட 42 ஆகிவிடும், கேமராவோடு வந்த 16-50தான் அங்கே உதவும். தேடுவதென்றால் நிக்கானின் மைக்ரோ-நிக்கோர் 55 எஃப் 3.5 தேடுங்கள். பொருளைப் பாதி அளவுக்கு நெருங்கி எடுக்கும், ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்கும் சாவித் துவாரத்துப் பித்தளைக்கும் அதைவிடப் பொருத்தமானது இந்த விலையில் இல்லை. அதற்குப் பின் வந்த எஃப் 2.8-இல் பிளேடில் எண்ணெய் ஏறுவது தெரிந்த நோய், பார்த்து எடுங்கள்.

எம்42, நிக்கான் எஃப் இரண்டு மவுண்டோடு நிறுத்துங்கள். எதிர்வெளிச்சத்தில் வென்ற அந்த 50 யாஷிகாவாக அமைந்தால் அதற்கு மட்டும் மூன்றாவது அடாப்டர். எண்ணிக்கை தானாக அடங்கும்.

---

பள்ளத்தூர் முகப்பு

ஹீலியோஸ் 44எம்-4தான். பின்னை விரலால அழுத்தினதும் பிளேடு மூடுது, ரொம்ப நன்றி அண்ணே. கடைசியா ஒண்ணு. கடையில ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். ஒண்ணு பென்டகான் 135 எஃப் 2.8, எம்42, பதினஞ்சு பிளேடு, பிளேடு மேல எண்ணெய். இன்னொண்ணு விவிட்டார் 28 எஃப் 2.8, வரிசை எண் 28ல தொடங்குது, ஒலிம்பஸ் மவுண்ட், உள்ள பால் மாதிரி மூட்டம்.

---

இடுக்கி

பென்டகானை எடுங்கள். பதினைந்து பிளேடு என்றால் அது கைமுறை வகை. பிளேடை நீங்களே வளையத்தால் மூடுவதால் எண்ணெய் வேகத்தைக் கெடுக்காது. தானியங்கி வகையில்தான் அது பெரிய குறை. அந்த எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் மூட்டமாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் டார்ச்சில் பாருங்கள்.

விவிட்டாரில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் செய்த கம்பெனியைச் சொல்லும்: 22 கிரோன், 28 கோமினே, 37 டோக்கினா. கோமினே நல்ல கைதான். ஆனால் மூட்டம் துடைத்தால் போகுமா, பசையில் இருக்கிறதா என்று பிரிக்காமல் தெரியாது. அதோடு ஒலிம்பஸ் என்றால் இன்னொரு அடாப்டர். விட்டுவிடுங்கள்.

135 வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றி, மற்ற லென்ஸ்களோடு சேர்க்காமல் ஒரு சின்ன டப்பாவில் 50 கிராம் ஜெல்லோடு இரண்டு வாரம் தனியே வையுங்கள். அதன்பின் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய டப்பாவுக்கு மாற்றுங்கள்.